கண்மாய் எந்த ஊர்க் கணக்கு? கியூஜிஐஎஸ்ஸில் ஸ்பேஷியல் குவெரி, சில வருட அனுபவம்

மதுரை மாவட்டக் கண்மாய்களை வரைபடத்தில் ஏற்றி, எது எந்த வருவாய் கிராமத்தில் வருகிறது, எதற்கு எத்தனை மடை, கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) எங்கே என்று எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதற்குக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள்தான், அதன் 2 வரிசைப் பதிப்புகள் ஓடிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே. காசு கிடையாது, சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். எது எதற்குள், எதன் அருகில் என்று இடத்தை வைத்துத் தேடுவதுதான் ஸ்பேஷியல் குவெரி. அப்போது அந்தப் பெயரிலேயே தனியாக ஒரு பிளகின் (துணை நிரல்) இருந்தது, 2018-ல் 3.0 வந்ததோடு அது போய்விட்டது, இப்போது அந்த வேலையை 'செலக்ட் பை லொகேஷன்' செய்கிறது. பட்டனை அழுத்துவது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். ஆனால் அதில் வரும் இன்டர்செக்ட், கன்டெய்ன், ஆர் விதின், டச், ஓவர்லேப் என்ற பட்டியலில் எதை டிக் செய்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும். அதுவும் கண்மாய் விஷயத்தில் ரொம்பவே மாறும்.

ஏனென்றால் கண்மாய்க்கு ஊர் எல்லை தெரியாது. கரை ஒரு கிராமத்தில், நீர்ப்பிடிப்பு பக்கத்துக் கிராமத்தில் என்று சர்வ சாதாரணமாக இருக்கும். 'ஆர் விதின்' (முழுக்க உள்ளே இருப்பவை) போட்டால் எல்லையைத் தாண்டி நிற்கும் கண்மாய் எந்த ஊரிலுமே சேராமல் காணாமல் போகும், 'இன்டர்செக்ட்' (கொஞ்சமாவது மேலே படுபவை) போட்டால் அதே கண்மாய் இரண்டு ஊர்க் கணக்கிலும் ஏறும். 'ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை லொகேஷன்' (இடத்தை வைத்து ஊர் விவரத்தைக் கண்மாயோடு சேர்ப்பது) ஓட்டி ஊர்வாரியாகப் பரப்பைக் கூட்டினால் மாவட்டத்தின் மொத்தக் கண்மாய்ப் பரப்பு உள்ளதைவிட அதிகமாக வந்து நிற்கும், மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. பரப்பு வேண்டுமானால் முதலில் 'இன்டர்செக்‌ஷன்' ஓட்டி எல்லையில் வெட்டிவிட்டு, அப்புறம் துண்டு துண்டாகப் பரப்பைக் கணக்கிடுவதுதான் சரி.

ஒரு கண்மாயை ஒரே ஊரில்தான் காட்ட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்குப் பலரும் சொல்லும் வழி, சென்ட்ராய்டு (உருவத்தின் மையப்புள்ளி) எடுத்து அந்தப் புள்ளி எந்த ஊரில் விழுகிறது என்று பார்ப்பது. வயலுக்கும் வீட்டுக்கும் சரி. நம் கண்மாய்களில் நிறைய பிறை வடிவம், வளைந்த கரை. பிறை வடிவத்துக்குச் சென்ட்ராய்டு எடுத்தால் புள்ளி பல நேரம் தண்ணீருக்குள் விழாது, வெளியே வயலில் போய் விழும், சில சமயம் அடுத்த ஊரிலேயே விழும். 'பாயின்ட் ஆன் சர்ஃபேஸ்' என்று இன்னொரு கருவி இருக்கிறது, அது புள்ளியைக் கட்டாயம் உருவத்துக்குள்ளேயே வைக்கும். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

மடையும் கலுங்கும் வேறு மாதிரிச் சிக்கல். அவை கரையில் இருப்பவை, போன் ஜிபிஎஸ்ஸில் எடுத்த புள்ளி சில மீட்டர் தள்ளித்தான் இருக்கும், அதனால் கண்மாய்க்கு வெளியே கிடக்கும். 'உள்ளே இருப்பவை' என்று கேட்டால் பாதி மடை வராது. இங்கே தூரத்தை வைத்துக் கேட்க வேண்டும், அதாவது கரையிலிருந்து இருபது முப்பது மீட்டருக்குள் இருப்பவை எவை என்று. 'டச்' (எல்லை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பவை) பற்றி ஒரே வார்த்தை: கையால் வரைந்த எல்லைகளில் அதை நம்பாதீர்கள், இரண்டு கிராமங்களுக்கு நடுவில் ஒரு செ.மீ. இடைவெளியோ ஏறலோ இருந்தால்கூடப் பக்கத்து ஊர் பட்டியலில் வராது.

தூரம் என்று வந்துவிட்டால் ப்ரொஜெக்‌ஷன் தலைவலியும் கூடவே வரும், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறை எது என்ற கேள்வி. நமக்கு வரும் டேட்டா பெரும்பாலும் 4326 என்ற குறியீட்டு எண் கொண்ட முறையில், அதாவது அட்சரேகை தீர்க்கரேகை டிகிரியில். அதில் பஃபர் (சுற்றிலும் குறிப்பிட்ட தூரத்துக்கு வரையும் வளையம்) போட்டு 500 என்று கொடுத்தால் அது 500 மீட்டர் இல்லை, 500 டிகிரி! (பக்கத்தில் சின்ன மஞ்சள் முக்கோணம் காட்டி எச்சரிக்கும், அதை யார் பார்க்கிறார்கள்.) யுடிஎம்முக்கு (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மாற்றலாம் என்றால் மண்டலம் 43-க்கும் 44-க்கும் நடுவில் ஓடும் 78 டிகிரிக் கோடு மதுரை மாவட்டத்தின் வழியாகவே போகிறது. உசிலம்பட்டி 43-ல், மேலூர் 44-ல். இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு மாரடிக்காமல் மாவட்டம் முழுவதையும் 44-லேயே வைத்துவிடலாம், இந்தத் தூரத்துக்குப் பிழை பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. லேயர்கள் (வரைபட அடுக்குகள்) வேறு வேறு ப்ரொஜெக்‌ஷனில் இருந்தாலும் 'செலக்ட் பை லொகேஷன்' தானாகவே மாற்றிக்கொள்ளும், ஆனால் பஃபர் கருவி, லேயர் எந்த அலகில் இருக்கிறதோ அதிலேயேதான் போடும்.

ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தை விட்டு வெளியே வாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அதில் பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான் இடம், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், 'கண்மாய்' என்று தலைப்பு வைத்தால் 'கண்' என்று நறுக்கிவிடும். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஸ்பேஷியல் இண்டெக்ஸும் (இடத்தை வேகமாகத் தேட உதவும் அட்டவணை) கியூஜிஐஎஸ் சேமிக்கும்போதே சேர்ந்துவிடும். ஷேப்ஃபைலுக்கு நாமே இண்டெக்ஸ் உருவாக்க வேண்டும், அது இல்லாமல் பெரிய லேயரில் குவெரி போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம்.

கியூஜிஐஎஸ் 3.16-ல் வந்த ஓவர்லே ஃபங்ஷன்கள்தான் (ஒரு லேயரை இன்னொன்றோடு ஒப்பிடும் சூத்திரங்கள்) என்னைப் பொறுத்தவரை பெரிய மாற்றம். புது லேயர் எதுவும் உருவாக்காமல், ஃபீல்டு கால்குலேட்டரிலேயே 'இந்த மடைக்கு மிக அருகில் உள்ள கண்மாயின் பெயர்' என்று ஒரு வரியில் எடுத்துவிடலாம். விர்ச்சுவல் லேயரில் (குவெரியின் விடையையே லேயராகக் காட்டுவது) எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியில் எழுதுவதும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டேட்டா பெருத்தால் மூச்சு வாங்குகிறது, அந்த அளவு வேலைக்குப் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தளம் போட்டுக்கொள்வது நல்லது. இன்வேலிட் ஜியோமெட்ரி (பிழையாக வரைந்த உருவம்) என்று பாதியில் நின்றுபோவது மட்டும் இன்னும் எரிச்சல்தான். 'ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ்' ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கியூஜிஐஎஸ் அமைப்புகளில் போய் 'இக்னோர்' என்று மாற்றிக்கொள்ளச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அப்படிச் செய்தால் பிழையாக வரைந்த அந்தக் கண்மாயே கணக்கில் வராது.