டப்பட் சத்தமா, கேம் தேய்வா? பழைய பெற்றோல் காரோடு என் அனுபவம்

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் கார். நான்கு சிலிண்டர், மேலே ஒரே கேம் ஷாஃப்ட் (மூக்குப் போன்ற மேடுகளால் வால்வுகளைத் திறக்கும் தண்டு), ரொக்கர் (அந்த மூக்கு தள்ள வால்வை அழுத்தும் கை) வைத்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு வன்னியில் இப்படியான கார்களை யாரும் கைவிடுவதில்லை. 2025இல் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் விலையைக் கேட்டால் பழையதே காணும் என்றாகிவிடும்.

கேம் தேய்வதை முதலில் காட்டிக்கொடுப்பது காதுதான். ஏ9இல் ஓடும்போது ரயர் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. முறிகண்டியில் எஞ்சினை அணைக்காமல் கச்சான் வாங்கும் நேரம்தான் 'டிக் டிக்' என்று வரும். எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் தட்டல் எஞ்சினைவிட நிதானமாக இருக்கும். சைலன்சர் பக்கத்துக் கசிவும் இப்படித் தட்டும், ஆனால் பெரும்பாலும் சூடேற அடங்கிவிடும். என்னுடையது சூடேறி ஒயில் இளகியதும் கூடியது.

கராஜில் டப்பட் இடைவெளியை, அதாவது ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான சிறு இடைவெளியை, சரிசெய்தார்கள். சத்தம் போனது, சில கிழமைகளில் திரும்பி வந்தது. மறுபடி சரிசெய்ய, மறுபடி வந்தது. இந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும்: உலோகம் தேய்ந்துகொண்டே போனால் வைத்த இடைவெளி எப்படி நிற்கும்? அப்புறம் ஒட்டுசுட்டான் போகும் வழியில் இழுவை விழுந்தது. மிதித்தால் காற்று உள்ளே போகும் பக்கத்தில் 'பொப்' என்று வெடிப்பு. பிளக், வயர் மாற்றியும் பலனில்லை.

வவுனியாவில் ஒரு அண்ணை கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, டப்பட் இழுத்தது காணும். மூடியைக் கழட்டிப் பாப்பம்." பார்த்தால், புகை வெளியேற்றும் வால்வு ஒன்றின் கேம் மூக்கு மழுங்கியிருந்தது. மைக்ரோமீட்டரில் பக்கத்துச் சிலிண்டரின் மூக்கைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. வால்வு முழுதாகத் திறக்காததால் எரிந்த புகை வெளியேற வழியின்றி, காற்று உள்ளே விடும் வால்வு திறந்ததும் அந்தப் பக்கம் பாய்ந்திருக்கிறது. வெடிப்பு அதுதான். ரொக்கர் ஷாஃப்டின் ஒயில் துவாரத்தைக் கசடு அடைத்திருந்தது. மூக்குக்கு ஒயில் போகாமல் தேய்ந்ததற்குக் காரணம் அதுதான். வடித்த ஒயிலில் காந்தத்தை விட்டால் கறுப்புத் தூள் ஒட்டியது.

"எஞ்சினையே மாத்துங்கோ" என்றவர்களும் உண்டு. தேவையில்லாத செலவு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரே எஞ்சின் தலையில் (ஹெட்) சேர்ந்து ஓடிய கேமையும் ரொக்கர்களையும் செட்டாக எடுப்பித்தேன். கேமை மட்டும் வாங்காதீர்கள். பள்ளம் விழுந்த பழைய ரொக்கர் புதுக் கேமையும் தின்றுவிடும். அண்ணை ரொக்கர்களின் வரிசை மாறாமல் பூட்டி, துவாரங்களைச் சுத்தம் செய்து, ரைமிங் பெல்ட்டையும் ஒயில் சீலையும் கையோடு மாற்றினார். மூக்குகளில் பூட்டும்போது பூசும் வழுக்குப் பசை தடவி, பிளக்குகளைக் கழற்றி, ஒயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றவிட்ட பிறகுதான் எஞ்சினை எழுப்பினார்.

இப்போது 5000 கிலோமீட்டருக்கு முன்பே ஒயிலும் பில்டரும் மாற்றுகிறேன்; மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் புழுதியில் அதிகம் ஓடினால் இன்னும் முந்தி. சத்தம் திரும்பவில்லை, பெற்றோல் செலவும் பழையபடி. டப்பட் கவர் பக்கிங் மட்டும் இலேசாகக் கசிகிறது, அடுத்த ஒயில் மாற்றத்தோடு பார்க்க வேண்டும்.