அப்பாவின் பாதத்தைப் பார்த்த கிளினிக்

மலேசியாவின் பேராக்கில் எங்கள் தோட்டத்து டவுனில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போன வாரம் அப்பாவைப் பாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அவருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) வந்து 11 வருடம். வயது 56, இன்னும் செம்பனைக் குலை வெட்டுகிறார். “வலியே இல்லையே, எதுக்கு?” என்று முனகிக்கொண்டேதான் வந்தார்.

மிஸ்ஸி (தாதி) அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து வளையும்வரை அழுத்தினார். வளையும்போது 10 கிராம் அழுத்தமாம். “தெரிஞ்சா சொல்லுங்க அங்கிள்.” இடது காலில் உடனுக்குடன் சொன்னார். வலது கட்டைவிரலில் இழை வளைகிறது, அப்பா சும்மா இருக்கிறார். மறுபடி அழுத்தினார்; அப்போதும் பேச்சில்லை, அங்கே உணர்ச்சியே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி. செம்பனை முள்! எத்தனை நாள் அதன்மேல் நடந்தாரோ, அவருக்கே தெரியவில்லை. மிஸ்ஸி அவசரப்படாமல் எடுத்து, கழுவி, கட்டுப் போட்டார். பிறகு அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) அதிரவைத்து விரல் எலும்பில் வைத்தார், பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்த்தார், விரலிடுக்கில் சேற்றுப்புண் தேடினார்.

கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). காத்திருந்தது 3 மணி நேரம், அது அதிகம்தான். பசியாறிவிட்டுப் போங்கள். இனிப்புநீர் இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அப்பா பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துத்தான் போடுகிறார்.