வேப்பெண்ணெய் ஆறு வருடம்: எதற்குக் கேட்டது, எதற்குக் கேட்கவில்லை

தொட்டியில் செடி வளர்க்கும் யாரிடமாவது போய் "இலையெல்லாம் சுருளுது", "காம்புல வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், முதலில் வரும் பதில் "வேப்பெண்ணெய் அடிங்க" என்பதுதான். நானும் அப்படி ஒருவர் சொல்லித்தான் முதல் பாட்டில் வாங்கினேன். ஆறு வருடம் ஆகிறது. இப்போது கிட்டத்தட்ட 40 தொட்டிகள் இருக்கின்றன. மிளகாய், தக்காளி, கத்தரி, ரோஜா, செம்பருத்தி, வீட்டுக்குள் சில அழகுச் செடிகள். வேப்பெண்ணெய் பிழைக்க வைத்த செடிகளும் இதில் உண்டு, அதையே நம்பியிருந்து நான் பறிகொடுத்த செடிகளும் உண்டு. நல்ல பொருள், இன்றும் தெளிப்பானில் இருப்பது அதுதான். ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்து, என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு அடித்தபோதுதான் அது எனக்குப் பலன் கொடுத்தது.

முதலில் கலக்குவதைப் பற்றிச் சொல்கிறேன், பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேதான். முதல் வருடம் தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கி அடித்தேன். எண்ணெய் தண்ணீரோடு சேராது, மேலே போய் மிதக்கும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் பத்துச் செடிகளுக்குப் போனது வெறும் தண்ணீர், கடைசியில் மீதியிருந்த இரண்டு ரோஜாவுக்குப் போனது முக்கால்வாசி எண்ணெய். நாலு நாளில் அந்த ரோஜா இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகிவிட்டது.

இப்போது செய்வது இதுதான். 5 மி.லி. எண்ணெயோடு 1 அல்லது 2 மி.லி. திரவ சோப்பை முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் விட்டு நன்றாக அடித்துக் கலக்கிவிடுவேன். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 1 லிட்டர் ஆக்குவேன். சரியாகக் கலந்தால் பால் மாதிரி வெளுப்பாக இருக்கும். ஐந்து நிமிடம் அப்படியே வைத்துப் பாருங்கள். மேலே மஞ்சளாக ஒரு படலம் வந்தால் சோப்பு போதவில்லை என்று அர்த்தம். தோட்டத்துக்கென்று விற்கும் பொட்டாஷ் சோப்புதான் நல்லது. துணி துவைக்கும் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் இலையின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சைக் கெடுக்கும். கலக்கியதை அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும், ஏனென்றால் இதில் வேலை செய்யும் அசாடிராக்டின் என்ற சரக்கு தண்ணீரில் கலந்த பிறகு நாள் செல்லச் செல்லச் சிதைந்துவிடும். மீந்ததை எடுத்துவைத்து மறுவாரம் அடிப்பது வீண். குளிர்ந்தால் எண்ணெய் நெய் மாதிரி உறையும், பாட்டிலை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் இளகிவிடும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், இதை நான் மூன்றாவது வருடத்தில்தான் கவனிக்க ஆரம்பித்தேன். எல்லா வேப்பெண்ணெயும் ஒன்றில்லை. சூடேற்றாமல் பிழிந்த எண்ணெயில் அசாடிராக்டின் இருக்கும். தெளிவாகச் சுத்திகரித்த சில வகைகளில் அதைப் பிரித்து எடுத்திருப்பார்கள், மீதியிருப்பது வெறும் எண்ணெயாக மட்டுமே வேலை செய்யும். சிலவற்றில் 1500 பிபிஎம், 10000 பிபிஎம் என்று (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற கணக்கு) அசாடிராக்டின் அளவு போட்டிருக்கும். அதற்கெல்லாம் நான் சொன்ன 5 மி.லி. கணக்கு பொருந்தாது, லேபிளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான்.

நேரம், சாயங்காலம். வெயில் இறங்கியபின் மட்டுமே. வெயில் பட்டால் மருந்தும் சீக்கிரம் சிதையும், எண்ணெய் படிந்த இலையும் கருகும். தேனீக்கள் வந்துபோகும் நேரத்தில், விரிந்த பூவின் மேல் அடிக்கவே அடிக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் செடிக்கும் வேண்டாம், முதலில் அது தண்ணீர் குடித்து நிமிரட்டும். புதுச் செடி என்றால் ஒரே ஒரு இலையில் அடித்துவிட்டு இரண்டு நாள் பார்ப்பேன்.

சரி, எதற்குக் கேட்டது? இலைச்சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிகளான அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் நன்றாகவே கேட்டது. ஆனால் அடித்த மறுநாள் போய்ப் பார்த்தால் பாதிப் பூச்சி உயிரோடுதான் இருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். மேலே நேராக எண்ணெய் பட்ட சின்னப் பூச்சிகள் மூச்சடைத்துச் சாகும். மற்றவற்றின் வாயையும் வளர்ச்சியையும்தான் அசாடிராக்டின் கட்டும். சாறு உறிஞ்ச முடியாமல், தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போக முடியாமல் மெதுவாக அழியும். முட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் ஒரு தடவை அடித்துவிட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள். 5 முதல் 7 நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று தடவை, அதுவும் இலையின் அடிப்பக்கம் நனையும்படி. மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள், வெள்ளை ஈ குறைகிறதா கூடுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மாவுப்பூச்சிதான் என்னைப் படாதபாடு படுத்தியது. ஒரு செம்பருத்தி, இரண்டு வருடமாகப் பூத்துக்கொண்டிருந்த செடி. கணுக்களில் பஞ்சு வைத்த மாதிரி வெள்ளையாக வந்தது. வேப்பெண்ணெய் ஐந்து தடவை அடித்தேன், குறையும், பத்து நாளில் மறுபடி வரும். அந்தப் பஞ்சு மெழுகால் ஆனது, தெளிப்பது உள்ளே இறங்காமல் உருண்டு விழுந்துவிடும். உள்ளே ஒவ்வொரு பையிலும் நூற்றுக்கணக்கில் முட்டை. ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தபோதுதான் தண்டில் ஒரு எறும்பு வரிசை மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. மாவுப்பூச்சி கழிக்கும் பிசுபிசுப்பான இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், எதிரிப் பூச்சிகளை விரட்டும், குஞ்சுகளை அடுத்த கிளைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் செய்யும். எறும்பு இருக்கும்வரை நான் அடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் வேலையை மாற்றினேன். காது குடையும் பஞ்சுக் குச்சியை 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு கணுவிலும் தொட்டு வைத்தேன். தொட்டவுடன் வெள்ளை மெழுகு கரைந்து, உள்ளே இருக்கும் பூச்சி ஆரஞ்சுப் பழுப்பாகத் தெரியும், அதுதான் பட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். மோசமான இரண்டு கிளைகளை வெட்டி உறையில் கட்டிக் குப்பையில் போட்டேன். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு கல்லின் மேல் தூக்கி வைத்து, சுவரையோ பக்கத்துச் செடியையோ இலை தொடாமல் நகர்த்தியதும் எறும்பு வர வழியில்லை. இவ்வளவும் செய்த பிறகு வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய், மெழுகு போர்த்தாத குஞ்சுகளுக்காக. ஒன்றரை மாதத்தில் சுத்தமாகிவிட்டது. அந்தச் செம்பருத்தி இன்றும் இருக்கிறது.

மிளகாய் இலைச் சுருட்டை பற்றி இத்தனை வருடத்தில் நான் கற்றது ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய உதவி. எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி இருந்தால் பெரும்பாலும் இலைப்பேன் என்ற சின்னஞ்சிறு பூச்சி. கீழ்நோக்கி வளைந்து, இலை நீண்டு குறுகி, காம்பும் நீண்டு போயிருந்தால் அது பெரும்பாலும் மஞ்சள் சிலந்தி, வலை பின்னும் சிலந்தி இல்லை, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பேன் வகை. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் ஓரளவு கேட்டது, ஆரம்பத்திலேயே பிடித்தால். சிலந்திக்கு எனக்குப் பலன் கொடுத்தது நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் கந்தகத்தையும் எண்ணெயையும் அடுத்தடுத்து அடித்தால் இலை வெந்துபோகும், நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், கடும் வெயில் நாட்களில் கந்தகமே வேண்டாம். இலையெல்லாம் சிறுத்து, கொத்துக் கொத்தாக, மஞ்சள் ஓடி, செடி வளராமல் நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கும், அதற்கு எந்த மருந்தும் இல்லை. எனக்கு அப்படி நாலு செடி போனது. இரண்டு மாதம் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் நாலு ஆனது, முதல் செடியை அன்றைக்கே பிடுங்கியிருந்தால் மற்ற மூன்றும் பிழைத்திருக்கும் என்று இன்றும் வருத்தம் உண்டு.

பூச்சியே இல்லாத செடிக்கு வேப்பெண்ணெய் அடிப்பதும் நடக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போதே தக்காளி வாடினால் பெரும்பாலும் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம், தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடியிலைகள் மட்டும் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துப் பள்ளமானால் காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டுவதால்தான்.

இப்போது நான் வாங்குவது 100 மி.லி. பாட்டில் மட்டும், கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில். முன்பு வாங்கிய 1 லிட்டர் பாட்டிலை வெளிச்சத்தில் வைத்து வீணாக்கிய பிறகு வந்த பழக்கம். வாசனை வீட்டுக்குள் இரண்டு நாள் நிற்கும், அதனால் உள்ளே இருக்கும் செடிகளை வெளியே எடுத்துவந்துதான் அடிக்கிறேன். முன்பெல்லாம் பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாராவாரம் எல்லாத் தொட்டிக்கும் அடிப்பேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பூதக்கண்ணாடியோடு இலைகளைத் திருப்பிக்கொண்டே போகிறேன், அரை மணி நேரம் ஆகும். தேவைப்படும் மூன்று நான்கு தொட்டிகளுக்கு மட்டும் சாயங்காலம் கலக்குகிறேன். ஏழு மாதத்துக்கு முன் திறந்த பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது.