ரோஸ்மில்க் நிறத்தில் கியர் ஆயில்: இனி எந்தப் பட்டறைக்குப் போவது?

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். பதினான்காவதில் எங்கள் கார் இரைந்தது, ஏறவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தொடுகிறது, வண்டியோ மாட்டு வண்டி வேகத்தில் நகர்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து அலுத்துப்போய் இறங்கி வந்தார். "ஏனுங்க, கியர் பிடிக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஓரங்கட்ட இடமும் காட்டிக் கொடுத்தார். தாளவாடியில் ஒறம்பரை வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பியவர்கள் சீர்த்தட்டோடு பஸ் ஏறினார்கள். நான் மட்டும் ரெக்கவரி வண்டிக்காகக் காத்திருந்தேன்.

இது நடப்பதற்கு மூன்று வாரம் முன்புதான் கார் டிங்கரிங் முடிந்து வந்திருந்தது. விஜயமங்கலம் டோல்கேட் வரிசையில் முன்னால் நின்ற டெம்போவின் பின்பக்கம் மோதியதில் பம்பர், பானெட், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் எல்லாம் அடி வாங்கின. இன்சூரன்சில் கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே பட்டறைக்கு நேராகப் பணம் கட்டிவிடும். பத்தொன்பது நாள் கழித்து வண்டி பளபளவென்று வந்தது. கலர் துளி வித்தியாசம் தெரியவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் பெயிண்டைத்தான் பார்த்தோம்.

சத்தியமங்கலத்து மெக்கானிக் பானெட்டைத் திறந்து கியர் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவினார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். துணியில் துடைத்துக் காட்டியது ரோஸ்மில்க். அதே இளஞ்சிவப்பு, அதே நுரை. "அண்ணா, இனி ஸ்டார்ட் பண்ணிராதீங்க" என்று சாவியை அவரே எடுத்து வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் கியர் ஆயிலைக் குளிர வைக்கும் கூலர் தனியாக இருக்காது. ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தொட்டிக்குள் ஒரு குழாயாக இருக்கும். வெளியே இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் நீர், உள்ளே கியர் ஆயில், நடுவில் மெல்லிய உலோகச் சுவர். இடியில் அந்தச் சுவரோ அதன் இணைப்போ விரிசல் கண்டால் இரண்டும் கலக்கும். இன்ஜினை அணைத்த பிறகு இது இன்னும் மோசம். கியர் ஆயிலின் அழுத்தம் உடனே இறங்கிவிடும், சூடான கூலன்ட்டின் அழுத்தம் இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் கூலன்ட் கியர்பாக்ஸ் பக்கம் போகும். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் உரசும் பரப்பு காகித நாரை அடிப்படையாகக் கொண்டது. தண்ணீர் பட்டால் ஊறி, ஒட்டு விட்டு உரியும். வண்டி நின்றாலும் நீர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

பில்லில் புது ரேடியேட்டர் என்று போட்டிருந்தார்கள். மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டிய இடத்தில், பிளாஸ்டிக் தொட்டியின் ஓரத்தில், கடிகாரம் போல ஒரு சின்ன வட்டம். வார்ப்பில் பதித்த தேதி முத்திரை அது. சுற்றிலும் மாதங்கள், நடுவில் அம்புக்குறி, பக்கத்தில் வருடம். எங்கள் கார் தயாரான அதே வருடம். நசுங்கிய தகடுகளைச் சீவி நிமிர்த்தி, கருப்பு பெயிண்ட் அடித்து, அதே பழைய ரேடியேட்டரை மாட்டியிருந்தார்கள். ஆறு வருட வண்டிக்கு உலோகப் பாகத்தில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அப்படிக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் கவர் எங்களிடம் இல்லை. ஆக, போடாத ரேடியேட்டருக்கு என் பங்குப் பணமும் போயிருக்கிறது. வெசனம் வந்ததே அங்கேதான்.

சரி, எங்கே போவது? நான்கு இடத்தில் விசாரித்தேன். நான்கிலும் விலைக்கு முன்னால் ஒரே கேள்வியைக் கேட்டேன்: கியர்பாக்ஸ் ஏன் போச்சு? எந்தப் பட்டறை என்று முடிவு செய்ய எனக்கு அந்தப் பதில்களே உதவின.

முதலில், வேலை செய்த அதே பாடி ஷாப். "ஆறு வருஷ வண்டிங்க, ஆட்டோமேட்டிக் வேற, போகத்தானுங்க செய்யும்" என்றார்கள். ரேடியேட்டர் வட்டத்தைப் பற்றிக் கேட்டதும் மேனேஜர் லைனுக்கு வந்து, "வண்டியைக் கொண்டாந்து விடுங்க, ஃப்ளஷ் பண்ணித் தர்றோம்" என்று குரலைத் தணித்தார். இலவசம் என்ற வகையில் இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் ஒரு தடவை ஆயிலை மாற்றி ஓட்டிப் பார்ப்பது என்பது உரிந்த தட்டுகளோடு இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டுவது. இன்னொன்றும் இருக்கிறது. வண்டி அவர்கள் கைக்குப் போனால் அந்த ரேடியேட்டரும் போகும், பிறகு நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கும்? அவர்களிடம் போகத்தான் வேண்டும், ஆனால் வண்டியாக அல்ல, கடிதமாக. என்ன கோளாறு, எந்தத் தேதி, என்ன கேட்கிறீர்கள் என்று எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து கோயம்புத்தூரில் கம்பெனி சர்வீஸ் சென்டர். இங்கே நிதானமாகப் பேசினார்கள். ஸ்கேனர் போட்டார்கள், ஆயில் சாம்பிள் எடுத்தார்கள், "மிக்ஸ் ஆயிருச்சு சார், அசெம்பிளி மாத்தணும்" என்றார்கள். புது கியர்பாக்ஸ், டார்க் கன்வெர்ட்டர், ரேடியேட்டர், ஹோஸ், ஆயில் எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் இரண்டே முக்கால் லட்சம். மாற்றிய பாகத்துக்கு எழுத்தில் வாரண்டி உண்டு, வண்டியும் இழுத்துக்கொண்டு நிற்காது. வண்டிக்கு இன்னும் கம்பெனி வாரண்டி ஓடுகிறவர்கள் வேறு யோசனையே செய்ய வேண்டாம், இங்கேதான் போக வேண்டும். வெளிப்பட்டறை கை வைத்தால் அதைக் காட்டி வாரண்டியை மறுக்க வழி கிடைத்துவிடும். என்னுடைய சங்கடம், ஆறு வருட வண்டியின் சந்தை விலையில் பாதி கியர்பாக்ஸுக்கே போகிறது. கூடவே, அசெம்பிளியை அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. பழையதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் புதியதை ஏற்றுவார்கள். உள்ளே எது எப்படிச் செத்தது என்ற அறிக்கை வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, உக்கடம் பக்கம் பழைய பாகம் விற்கும் கடை. கியர்பாக்ஸ் 55,000, மாட்டுக்கூலி தனி. ஏன் போச்சு என்ற கேள்விக்கு, "அதெதுக்குங்க உங்களுக்கு? பெட்டி நல்லாருக்குங்க" என்று பதில். மேனுவல் கியர்பாக்ஸுக்கு இது மோசமான வழி இல்லை. பல்லைப் பார்க்கலாம், ஷாஃப்டைச் சுற்றிப் பார்க்கலாம், அடிபட்ட வண்டியிலிருந்து வந்தாலும் உறை விரிசல் கண்ணுக்குத் தெரியும். ஆட்டோமேட்டிக்கில் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெட்டியா, எவ்வளவு ஓடியது, யாருக்குத் தெரியும்? ஒரே மாடலிலும் வருடத்துக்கு வருடம் பாக எண் மாறும், கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகாமல் நிற்பதும் உண்டு. ஏழு நாள் வாரண்டி என்றார்கள். என் கியர்பாக்ஸ் கெட்டது வெளியே தெரியவே மூன்று வாரம் பிடித்தது.

நான்காவது, கோவை கணபதிப் பகுதியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பிரித்துச் செய்யும் பட்டறை. அங்கே போனில் விஷயத்தைச் சொன்னதும் பட்டறைக்காரர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "முன்னாடி வண்டி எங்கியாவது இடிச்சுதுங்களா? ரேடியேட்டரை யாரு மாத்தினாங்க?" அந்தக் கேள்வியிலேயே பாதி முடிவாகிவிட்டது. 1,10,000 சொன்னார். தொகையில் கம்பெனிக்கும் உக்கடத்துக்கும் நடுவில், ஆனால் நாளில் எல்லோரையும்விட அதிகம். பதினெட்டு நாள் என்றார், இருபத்தாறு ஆனது.

பிரிக்கும் அன்று கூப்பிட்டார், போனேன். அடித்தட்டைக் கழற்றியதும் கீழே கருப்புக் கூழ் படிந்திருந்தது. கிளட்ச் தட்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். நனைந்த காலண்டர் தாள் போல உரிந்து வந்தது. ஆயிலை வழி பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் ஓரிடத்தில் துரு. தட்டுகள், சீல்கள் எல்லாம் புதிது. வால்வு பாடியைப் பிரித்துக் கழுவினார். டார்க் கன்வெர்ட்டரைக் கழுவிப் பயனில்லை என்று மாற்றிவிட்டார். கூலர் குழாய்களில் ஒரு சொட்டுப் பழைய ஆயில் இல்லாதபடி ஊதி எடுத்தார். ரேடியேட்டரை என் கண் முன்னால் டப்பா உடைத்து மாட்டினார். கடைசியில் ஆயில் ஊற்றி, ஸ்கேனரில் சூடு பார்த்து, கம்பெனி சொன்ன சூட்டில் இன்ஜின் ஓடும்போதே மட்டம் சரிபார்த்தார். குளிர்ந்த வண்டியில் ஊற்றி மூடுகிற இடத்தில் ஆயில் மட்டம் கூடவோ குறையவோ போகும், இரண்டுமே கெடுதல். இத்தனைக்கும் அவரிடம் பளபளப்பான ரிசப்ஷன் கிடையாது. வாரண்டியை ஆறு மாதம் என்று பில்லில் கையால் எழுதிக் கொடுத்தார். கம்பெனி வாரண்டி அளவுக்கு அதற்கு வலு இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கடையை மூடிவிட்டால் என் கையில் இருப்பது ஒரு காகிதம்.

நான் இவரைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் காரணம் தெரியாமல் இருந்திருந்தால் கம்பெனிக்கே போயிருப்பேன். இடித்த வண்டியில் காரணத்தைப் பிடிக்காமல் மாற்றும் கியர்பாக்ஸ், புதிதோ பழையதோ, அதே வழியில்தான் போகும்.

கியர்பாக்ஸே குற்றவாளி இல்லாத வழக்கும் உண்டு. பொள்ளாச்சியில் மச்சானின் மேனுவல் கார், இடது முன்பக்கம் இடித்துச் சரிசெய்த பிறகு ஐந்தாம் கியர் தானாக வெளியே துள்ளியது. இரண்டு பட்டறைகள் கியர்பாக்ஸைக் கழற்ற நாள் குறித்தன. மூன்றாவது ஆள் வண்டியைத் தூக்கி, அடியில் சப்ஃப்ரேமின் (இன்ஜினையும் முன்சக்கர இணைப்பையும் தாங்கும் அடிச்சட்டம்) தூரங்களை டேப்பில் குறுக்காக அளந்தார். ஒரு பக்கம் ஏழு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. இன்ஜின் மவுண்டும் இழுத்துப் பிடித்தபடி இருந்ததால் கியர் கேபிள் முழுதாகப் போய் உட்காரவில்லை. சப்ஃப்ரேமைத் தளர்த்தி நேராக உட்காரவைத்து, மவுண்ட் மாற்றி, கேபிளைச் சரிசெய்ததோடு முடிந்தது. ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸில் கியரைக் கருவியே மாற்றும் வகை) வண்டி வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: கிளட்ச்சிலோ கியர் போடும் கருவியிலோ கை வைத்த பிறகு ஸ்கேனர் மூலம் வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புது நிலையைக் கற்றுக்கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டாலும் வண்டி வெட்டி வெட்டிப் போகும்.

அப்புறம் பணம். இன்சூரன்ஸ் பாலிசி இயந்திரக் கோளாறையும், விபத்தின் தொடர்ச்சியாக வரும் நஷ்டத்தையும் விலக்கித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இன்ஜின் பாதுகாப்பு என்று கூடுதல் பிரீமியத்துக்குத் தரும் கவரில் சில கம்பெனிகள் கியர்பாக்ஸையும் சேர்க்கின்றன, என்னிடம் அது இல்லை. ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினேன், கியர்பாக்ஸ் கேட்டு அல்ல. நீங்கள் பணம் கொடுத்த ரேடியேட்டர் வண்டியில் இல்லை என்று, வட்டத்தின் போட்டோவோடு. நான்கு நாளில் சர்வேயர் கணபதிக்கே வந்து பார்த்தார். என் போனை எடுக்காத பாடி ஷாப், கேஷ்லெஸ் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்றதும் அவர்களே கூப்பிட்டார்கள். ரேடியேட்டர் பணம் முழுவதையும் திருப்பித் தந்தார்கள், கியர்பாக்ஸுக்கு முப்பதாயிரம் தருவதாகச் சொன்னார்கள். ஒத்துக்கொள்ளவில்லை.

மிச்சத்துக்கு ஈரோடு நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறை நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, காலக்கெடு இரண்டு வருடம். 1915-க்குப் போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முதலில் சமரசத்துக்கு முயல்வார்கள். மூன்று மாதத்துக்குள், ஆய்வுக்கூடச் சோதனை தேவையென்றால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு இதுவரை இரண்டு வாய்தா ஆகியிருக்கிறது.

பழைய ரேடியேட்டரும் ஒரு டப்பா கிளட்ச் தட்டுகளும் கோபியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் வாரம் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் விலை கேட்கிறார். அம்மாவுக்கும் கொடுத்துவிட ஆசைதான். கேஸ் முடியும்வரை அந்த வட்டத்தின் மேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருப்பதால், மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.