கனோவாவா, தோர்வால்சனா? பிளாஸ்டரில் இரண்டு கிரேக்கங்கள்

ஐரோப்பா பழைய கிரேக்கக் கலைக்குத் திரும்பிய காலத்தில் ரோமில் வேலை செய்த சிற்பிகளில் இருவரைத்தான் எப்போதும் எதிரெதிரே நிறுத்துவார்கள்: இத்தாலியர் அந்தோனியோ கனோவா, டென்மார்க்காரர் பெர்டெல் தோர்வால்சன். பேச்சு பெரும்பாலும் பளிங்குச் சிலைகளைப் பற்றியே இருக்கும். நான் பிளாஸ்டர் புடைப்புச் சிற்பங்களை வைத்துப் பார்க்கிறேன்.

நெப்போலியன் வருகையை எதிர்பார்த்து 1812-இல் ரோமின் குய்ரினாலே அரண்மனையைப் புதுப்பித்தபோது, ஒரு மண்டபச் சுவருக்காகத் தோர்வால்சன் செய்தது, அலெக்சாண்டர் பாபிலோனுக்குள் நுழையும் ஊர்வலம். நீளம் சுமார் 35 மீட்டர், மூன்றே மாத வேலை. பளிங்கில் நினைத்துப் பார்க்க முடியாத வேகம் இது. களிமண்ணில் உருவாக்கி, அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றியதால்தான் முடிந்தது. முன்மாதிரி, ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைச் சுற்றியோடும் ஊர்வலப் புடைப்புச் சிற்பப் பட்டை. உருவங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கின்றன, பின்னணி வெறுமையாக இருக்கிறது. தேரில் அலெக்சாண்டர், எதிர்கொள்ள வரும் சமாதான தேவதை, குதிரைகள், யூப்ரடீஸ் கரையில் மீன் பிடிப்பவர் எல்லாம் கீழிருந்து அண்ணாந்து பார்த்தாலும் தெளிவாகப் பிரியும். சுவருக்கு என்ன வேண்டும் என்று அறிந்தவரின் கை.

கனோவாவின் புடைப்புச் சிற்பப் பலகைகள் அதற்கு இருபதாண்டு முந்தியவை. சாக்ரடீஸின் மரணம், டிராய் மன்னன் பிரியாமின் கொலை, அக்கிலீஸிடம் இருந்த சிறைப்பெண் பிரிசெயிஸைத் தூதர்களிடம் ஒப்படைப்பது என்று ஹோமரிலிருந்தும் வர்ஜிலிலிருந்தும் பிளேட்டோவிலிருந்தும் எடுத்த காட்சிகள். பளிங்குக்கான முன்னோட்டமாக இவற்றை அவர் செய்யவில்லை, பிளாஸ்டரே முடிவான வடிவம். அவர் பிறந்த போசான்யோவில் உள்ள பிளாஸ்டர் கூடத்தில் பார்க்கலாம். பிரியாமின் பலகையில் கிழவரைப் பிடித்திருக்கும் அக்கிலீஸின் மகன் பிர்ரஸின் வெறியும், சுற்றியுள்ள பெண்களின் பதற்றமும் அந்த மெல்லிய ஆழத்துக்குள்ளேயே நெரிகின்றன. ஒழுங்கில் தோர்வால்சன்தான் மேல், மறுக்கவில்லை. கனோவாவிடம் சில உடல்கள் நாடக மேடையில் வரிசையாக நிறுத்தியது போலவும் தோன்றும்.

ஆனாலும் என் ஓட்டு கனோவாவுக்கே. பார்த்தினான் குதிரைகளைக் கவனியுங்கள்: நரம்பு புடைத்து, கடிவாளத்தை மீறத் துடிக்கும். தோர்வால்சன் ரோமிலிருந்து அச்சுப் படங்களின் வழியே அவற்றை அறிந்தவர்; வரிசையைப் பிடித்தார், துடிப்பை விட்டுவிட்டார். கனோவாவும் தன் பலகைகளைச் செய்தபோது அசல்களைக் கண்டதில்லை. ஏதென்ஸிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோயிருந்த அவற்றை 1815-இல் அங்கே கண்டதும் அவர் வியந்தது, கல்லில் இருந்த நிஜச் சதையைத்தான். அதை அவர் பிளாஸ்டரில் முன்பே தேடியிருந்தார்.