‘மூணு வருஷம் காஞ்ச வாகை’ என்று எனக்கு விற்ற கட்டை

லேத்தில் மரத்தைச் சுற்றவிட்டு உளியால் கடையும் கடைசல் வேலை பழகுகிறவர்கள், அதிலும் சொப்பு அளவைத் தாண்டிக் குடுவை, ஜாடி என்று கடைய ஆசைப்படுகிறவர்கள், கட்டை வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போன பணம் 3,600 ரூபாய்தான். முகக்கவசம் (ஃபேஸ் ஷீல்ட்) மட்டும் போடாமல் இருந்திருந்தால் ஒரு கண் போயிருக்கும்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மரச் சொப்பு வைத்து விளையாடாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. சுற்றுகிற மரத்தில் அண்ணாச்சிமார் அரக்கை அழுத்த, அந்தச் சூட்டிலேயே சிவப்பும் மஞ்சளும் உருகி ஏறுவதைப் பட்டறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போயிருக்கிறேன். போன வருடம் கொஞ்சம் காசு சேர்ந்ததும் சின்ன லேத் ஒன்று வாங்கினேன். பம்பரம், பூரிக்கட்டை, கிண்ணம் என்று ஆறு மாதம் ஓடியது. அப்புறம்தான் வயிறு பெருத்து வாய் சிறுத்த ஒரு குடுவை கடைந்து பார்க்கும் ஆசை வந்தது.

கிண்ணம் கடைவது வேறு, இது வேறு. கிண்ணத்தில் உளி எங்கே வெட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். குடுவையில் ஒன்றரை இஞ்ச் வாய் வழியே நீளக் கம்பி உளியை உள்ளே விட்டு, சத்தத்தையும் கையில் வரும் அதிர்வையும் வைத்தே சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணிக்க வேண்டும். துருவல் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தி எடுக்காவிட்டால் உளி மாட்டிக்கொள்ளும். இவ்வளவும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை மாதிரிதான். அதனால் மரத்தை முழுசாக நம்ப முடிய வேண்டும்.

தென்காசி ரோட்டில் ஒரு மரக்கடையில் இரண்டு கட்டை வாங்கினேன். 7 இஞ்ச் விட்டம், 8 இஞ்ச் நீளம், ஒன்று 1,800 ரூபாய். “மூணு வருஷம் நெழல்ல காஞ்ச வாகை தம்பி, கல்லு மாதிரி இருக்கும்” என்றார் கடைக்காரர். இரண்டு முனையிலும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்திருந்தது. ஏன் என்று கேட்டேன். “வெடிக்காம இருக்கத்தான்” என்றார். அது உண்மைதான். மரத்தின் ஈரம் முனை வழியாகத்தான் வேகமாகப் போகும். முனை மட்டும் சீக்கிரம் காய்ந்தால் பிளந்துவிடும் என்று பெயிண்டோ மெழுகோ பூசுவது வழக்கம். அந்தப் பாதி உண்மையில்தான் நான் விழுந்தேன். மூன்று வருடத்துக்கு முன் அடித்த பெயிண்ட் என்றால் தூசி படிந்து மங்கிப் போயிருக்கும். இது புது வாசனை அடித்தது. மூக்குக்குத் தெரிந்தது புத்திக்கு ஏறவில்லை. பில் கேட்டதற்கு, “பில்லு போட்டா வெல கூடும், போன்லயே போட்டு விடுங்க” என்றார். போட்டுவிட்டேன்.

வெளிப்புறம் உருட்டி, நடுவில் ஆழத் துளை போட்டு, உள்ளே குடைய ஆரம்பித்தேன். துளையிடும்போது வந்த துருவல் கையில் சில்லென்று ஈரமாக ஒட்டியது. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் நீர்ப்பொட்டுகள் தெரிந்தன. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். லேத் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. 7 இஞ்ச் கட்டைக்கு அது அதிக வேகம் இல்லை. ஆனாலும் அந்த வேகத்தில் விளிம்பு மணிக்கு 30 கிலோமீட்டர் போகும். பாதி ஆழம் குடைந்திருப்பேன். சத்தம் ‘கடகட’ என்று மாறியது. சுவிட்சுக்குக் கை போவதற்குள் குடுவையின் தோள்பட்டைப் பக்கம் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு வந்து முகக்கவசத்தில் அடித்தது. இன்னொன்று சுவரில் காரையைப் பெயர்த்துவிட்டது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார்கள். அரை மணி நேரம் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். “லேத்து ஓட்டத் தெரியாம ஓட்டுனா மரம் என்ன செய்யும்?” என்று வைத்துவிட்டார்.

என்னை அதிகம் வருத்தியது அந்தச் சொல்தான், ஏனென்றால் நான் அதை நம்பிவிட்டேன். உளியை அழுத்திவிட்டோமோ, கூர் சரியில்லையோ என்று ஒரு வாரம் என்னையே நொந்துகொண்டேன். புதிதாகப் பழகுகிறவன் தன் மேல்தான் பழியைப் போட்டுக்கொள்வான் என்று விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் உடைந்த துண்டுகளைப் பையில் போட்டு, நாற்பது வருடமாகக் கடைசல் பிடிக்கிற ஒரு அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். நகத்தால் கீறிப் பார்த்தார். “பச்ச மரம்லா தம்பி இது. இதுல அரக்குகூடப் பிடிக்காதே” என்றார். பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். வளையங்கள் தொடங்கும் நடுப்புள்ளி கட்டைக்கு உள்ளேயே இருந்தது. அதிலிருந்து நட்சத்திரம் போல மூன்று வெடிப்பு. வெடிப்புக்குள் பசையையும் மரத்தூளையும் வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட். துண்டு பிய்ந்து வந்தது அந்தப் பசைக் கோட்டில்தான். மரம் வாகைதான், அதில் பொய்யில்லை.

மரம் சுருங்கும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் நடுப்புள்ளியோடு உருட்டாக விட்ட கட்டை எங்காவது வெடித்தே தீரும். சொப்புக் கட்டை சின்னது, சீக்கிரம் காய்ந்துவிடும். 7 இஞ்ச் கட்டை அப்படி இல்லை. பலகையே ஒரு இஞ்ச் கனம் காய ஏறக்குறைய ஒரு வருடம் என்பது கணக்கு.

பச்சை மரத்தில் கடையவே கூடாது என்று இல்லை. பச்சை என்று சொல்லி விற்றால், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டுக் குடைந்து, காகிதப் பையில் போட்டுச் சில மாதம் வைத்து, கோணியதைத் திரும்பக் கடைந்துகொள்ளலாம். மறைத்து விற்றதுதான் துரோகம்.

கட்டை வாங்கினால் முனையில் அரை இஞ்ச் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அறுத்த முகத்தில் தண்ணீர் தடவினால், மேற்பரப்பு உலர்ந்த பிறகும் வெடிப்பு மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி இருந்தால் புதிதாக அறுத்த இடத்தில் ஊன்றுங்கள், வெளிப்பக்கம் ஊன்றினால் அது பொய் சொல்லும். ஈரம் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் எடுக்கலாம். மெஷினை ஓட விடும்போது கட்டைக்கு நேரே நிற்காதீர்கள். முகக்கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், பில். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். இது எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று. போனில் பணம் போன பதிவு, கட்டையின் படங்கள், பசை தெரியும் துண்டுகள் எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். புகார் நடப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை.

இரண்டாவது கட்டை இன்னும் முழுசாக இருக்கிறது. நடுவோடு பிளந்து, நடுப்புள்ளியை எறிந்துவிட்டு, இரண்டு கிண்ணமாகக் கடை என்கிறார் அண்ணாச்சி. சாட்சி அது ஒன்றுதான் என்பதால் எனக்கு வெட்ட மனசு வரவில்லை. தெருமுனை மளிகைக்கடைத் தராசில் ஞாயிறுதோறும் வைத்து, எடையைக் கட்டை மேலேயே பென்சிலால் எழுதிப் படம் எடுத்துக்கொள்கிறேன். முதல் வாரம் 5 கிலோ 300. மூன்று மாதம் கழித்து 4 கிலோ 150. போன ஞாயிறு 4 கிலோ 20. மூன்று வருடம் காய்ந்த கட்டை இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.