பெரம்பூர் ஞாயிறு வகுப்பில் ‘பொன்னகரம்’: ஒரு மதிப்புரை

பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு தனியார் படிப்பகத்தின் மாடியறையில், சிறுகதைகளைக் கருத்தாடல் ஆய்வு முறையில் வாசிக்கக் கற்றுத்தரும் கட்டண வகுப்பு ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடைபெறுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கதைதான். அதை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், முன்னே வந்த வாக்கியத்தோடு பின்னே வரும் வாக்கியம் எப்படிப் பிணைகிறது என்று பார்ப்பதே பாடத்திட்டம். நான் சேர்ந்த சுற்றில் எடுத்துக்கொள்ளப்பட்ட கதை, 1934இல் ‘மணிக்கொடி’ இதழில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. சில பக்கங்களில் முடிந்துவிடும் கதைக்கு வாரக்கணக்கில் வகுப்பா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கொடுத்த கட்டணத்துக்குக் குறைவில்லை என்பதுதான். ஆனாலும் அமைப்பாளர்கள் திருத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றையும் இங்கே எழுதியாக வேண்டும்.

முதல் அமர்வு அறிமுகம். 1952இல் மொழியியலாளர் செல்லிக் ஹாரிஸ் இந்தத் துறைக்குப் பெயர் சூட்டிய கட்டுரை, 1975இல் வெளியான கிரைஸின் உரையாடல் நெறிகள், 1976இல் ஹாலிடேயும் ஹசனும் வாக்கியங்களுக்கு இடையிலான பிணைப்பைப் பற்றி எழுதிய நூல் ஆகியவை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப்பட்டன. ஆசிரியர் கல்லூரியில் மொழியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பெயர்களை அடுக்குவதில் அவருக்கே ஆர்வம் இல்லை என்பது தெரிந்தது. கதையைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் குரல் உயர்ந்தது.

கதையைப் படித்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில்வே தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சந்துக்குப் பொன்னகரம் என்று பெயர். அங்கே வாழும் அம்மாளு மில்லில் கூலி வேலை செய்பவள். அவள் கணவன் முருகேசன் சொந்தமாக ஜட்கா ஓட்டுபவன். குடித்துவிட்டு வண்டியை வேகமாக விட்டதில் அது கவிழ்ந்து, குதிரைக்கும் அடி, அவனுக்கும் அடி. வீட்டில் காசு இல்லை. மில்லில் கூலி போட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. படுத்துக் கிடப்பவன் பால் கஞ்சி கேட்கிறான். இரவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புகிறவளைச் சந்தோரத்தில் ஒருவன் எதிர்ப்படுகிறான். இருவரும் இருளில் மறைகிறார்கள். அவள் முக்கால் ரூபாயோடு வீடு திரும்புகிறாள்.

இந்தக் கதையில் ஊரின் பெயர் இல்லை. ஆனால் வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வந்திருந்தவர்கள் முதல் பக்கத்தைப் படித்ததுமே, இது எங்கள் பக்கத்துக் கதை என்று உரிமை கொண்டாடினார்கள். பேசின் பிரிட்ஜ் தண்டவாளங்களுக்கும் பின்னி ஆலையின் சங்குக்கும் இடையே மூன்று தலைமுறைகளைக் கழித்த குடும்பங்கள் அவை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1921இல் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பு பற்றி எரிந்ததும் அவர்கள் வீட்டுப் பேச்சில் இன்றும் இருப்பவை. ஆசிரியர் இதை மறுக்கவும் இல்லை, அப்படியே ஒப்புக்கொள்ளவும் இல்லை. கதைசொல்லி அந்தச் சந்தினை நமக்கு முன்பே தெரிந்த இடம்போலச் சுட்டுகிறான் என்பதை மட்டும் எடுத்துக் காட்டி, தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக வைத்துப் பேசும்போது கேட்பவர் தலையாட்டியே ஆக வேண்டியிருக்கிறது, அந்தத் தலையாட்டலைத்தான் நீங்கள் உரிமை என்று நினைத்துக்கொண்டீர்கள் என்றார். கொஞ்சம் முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

வகுப்பின் உண்மையான பலம் இரண்டாவது, மூன்றாவது அமர்வுகளில் வெளிப்பட்டது. வாக்கியங்களுக்கு எண் இட்டு, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு அச்சிட்ட பிரதியை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கதைசொல்லி நேரடியாக நம்மிடம் பேசும் இடங்களைச் சிவப்பிலும், வேறொருவர் குரலைக் கடன் வாங்கிப் பேசும் இடங்களை நீலத்திலும் கோடிடச் சொன்னார்கள். பஞ்சாங்கத்தின்படி நிலவு வர வேண்டிய இரவில் அது மேகத்துக்குள் மறைந்துகொண்டால் முனிசிபாலிட்டி என்ன செய்யும் என்று கதை கேட்கும் இடத்தில்தான் அறையில் கருத்து வேறுபாடு கிளம்பியது. இது கதைசொல்லியின் கேள்வியா, அலுவலகத்தின் சமாதானமா? நிலவுள்ள இரவுகளில் தெருவிளக்கை ஏற்றாமல் விடுவது அந்தக் கால நகராட்சிகளின் வழக்கம். அந்த வழக்கத்தை நியாயப்படுத்தும் அதிகாரியின் வாயிலிருந்து வரக்கூடிய வாக்கியத்தைத் தன் வாக்கியமாகச் சொல்லிவிட்டுக் கதைசொல்லி ஒதுங்கிக்கொள்கிறான். ஆகவே சிவப்பும் நீலமும் ஒரே வரியில் விழுகின்றன. எள்ளல் என்று ஒரே சொல்லில் நாம் கடந்துபோகும் விஷயம் உண்மையில் இரண்டு குரல்கள் ஒரே வாக்கியத்தில் குடியிருப்பதால் உண்டாவது என்பதை, எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல் இரண்டு பென்சில்களைக் கொண்டே விளங்க வைத்துவிட்டார்கள்.

அந்த இருளும் வீண் வருணனை இல்லை என்பது அடுத்துப் புரிந்தது. நகராட்சி ஏற்றாத விளக்குதான் அம்மாளுவையும் அந்த மனிதனையும் மறைக்கிறது. காரணம் என்ற சொல் எங்கும் வராமலேயே, ஒரு வாக்கியம் இன்னொன்றுக்குக் காரணமாக நிற்கிறது.

கடைசி வரிகளுக்கு ஒரு முழு அமர்வை ஒதுக்கினார்கள். “இருவரும் இருளில் மறைகிறார்கள்” என்பது நிகழ்காலம். அடுத்த வாக்கியத்தில் அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள். அது முடிந்துபோன காலம். நடுவில் இருப்பது வெற்றிடம். கதையின் காலமும் கதை சொல்லும் காலமும் எங்கெங்கே விலகுகின்றன என்பதை 1972இல் வகைப்படுத்திய பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ழெனேத், இப்படி முழுதாகத் தாண்டிச் செல்வதையும் ஒரு வகையாக வைத்திருக்கிறார் என்று ஆசிரியர் சொன்னார். அதைவிட எனக்குப் பயன்பட்டது, அடுத்து வரும் ‘ஆம்’ பற்றிய விவாதம். “ஆம், புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்!” என்கிறது கதை. ஆம் என்பது விடை. விடை இருந்தால் அதற்கு முன்னே வினா இருந்தாக வேண்டும். பக்கத்தில் அப்படி எந்த வினாவும் இல்லை. கேட்காத கேள்வியை நாம் மனத்துக்குள் கேட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு கதைசொல்லி பதில் சொல்கிறான். நாம் கேட்டிருக்கக்கூடிய கேள்வி எவ்வளவு கேவலமானது என்பதை அந்த ஒற்றைச் சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிறகு வருவது எல்லாருக்கும் மனப்பாடமான வரி: “என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!” இதைக் கற்பைப் பற்றிய கருத்தாக மேடைகளில் மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்டோம். வகுப்பு இதைக் கருத்தாகப் பார்க்காமல் பேச்சுச் செயலாக, அதாவது சொல்வதன் மூலமே கேட்பவரிடம் ஒன்றைச் செய்வதாக, பார்த்தது. கதை ஒரு கேள்வியில் தொடங்குகிறது: பொன்னகரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் கேள்விக்கான விடை, கதை முழுவதையும் கடந்து கடைசி வாக்கியத்தில்தான் வருகிறது. நடுவே அம்மாளுவின் வாழ்க்கை முழுவதும் ஒரு கேள்விக்கும் அதன் விடைக்கும் இடையில் வைக்கப்பட்டிருக்கிறது. கேட்டவனே விடையும் சொல்லிவிடுவதால், வாசகர் குறுக்கே புகுந்து சமாதானம் சொல்ல இடமே இல்லை.

இந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, ஆலையில் நூல் சுற்றியவரின் மகள், “சார், எல்லாத்தையும் ஐயாகிட்டயே சொல்றாரே, அப்போ நாங்க யாரு? அந்த எடத்துல அம்மாளு வாயத் தொறந்து ஒரு வார்த்தகூடப் பேசலையே, கவனிச்சீங்களா?” என்று கேட்டார். ஆசிரியர் சற்று நேரம் பிரதியைப் பார்த்துவிட்டு, “நீங்க சொல்றது சரிதாம்மா, அத நான் பாடத்துலயே சேத்துக்கிறேன்” என்றார். கதையின் கோபம் மேல்தட்டு ஆண் வாசகனை நோக்கியது. அந்தக் கோபத்துக்குக் காரணமான பெண்ணோ பேசுபவளும் இல்லை, கேட்பவர்களில் ஒருத்தியும் இல்லை, பேசுபொருள் மட்டுமே. இது கதையின் குறையா, காலத்தின் குறையா என்று அன்று தீரவில்லை. தீர்க்க முயலாமல் விட்டதும் ஆசிரியரின் நல்ல குணம்தான்.

இனி குறைகள். நான்காவது அமர்வு வீண். மொழியியலாளர்களான லபோவும் வாலெட்ஸ்கியும் 1967இல் வகுத்து, பின்னர் லபோவ் விரித்த கதைக்கூறுகளை, அதாவது சுருக்கம், சூழல், சிக்கல், மதிப்பீடு, தீர்வு, முடிப்பு என்ற ஆறு கட்டங்களை, கரும்பலகையில் வரைந்து, கதையை அவற்றுக்குள் அடைக்கச் சொன்னார்கள். அந்த அமைப்பு, மக்கள் தமக்கு நேர்ந்ததை வாயால் சொன்ன பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. தனக்கு நேராத ஒன்றை, தான் அந்தச் சந்தில் வசிக்காமலேயே, படித்த வாசகனிடம் எழுத்தில் சொல்லும் கதைசொல்லிக்கு அது எப்படிப் பொருந்தும்? கடைசி வரி மதிப்பீடா முடிப்பா என்று அரை மணி நேரம் விவாதித்தும் இரண்டும் என்றே முடிந்தது. அளவு எடுக்காமல் தைத்த சட்டையை அம்மாளுவுக்கு மாட்டியதுபோல் இருந்தது.

இதைவிடப் பெரிய குறை, தொல்காப்பியம் ஒருமுறைகூட வாயில் வராதது. அதன் செய்யுளியல் அடுக்கும் செய்யுள் உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம், மாட்டு ஆகியவை உண்டு. இன்ன இடத்தில் இன்னார் இன்னாருக்குச் சொல்லத் தக்கது இது என்று உணர வைப்பது முன்னம். தொலைவில் கிடந்தாலும் அருகில் இருந்தாலும் பொருளைக் கொண்டுவந்து முடித்துக்கொள்வது மாட்டு. சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்ள வேண்டியது எச்சம். முதல் வரிக் கேள்வியும் கடைசி வரி விடையும் சேர்வதை மாட்டு என்று சொல்லியிருந்தால், பள்ளியில் தமிழ் படித்த எவருக்கும் உடனே பிடிபட்டிருக்கும். அந்த இலக்கணம் செய்யுளுக்கானது, உரைநடைக்கு நேராகப் பொருந்தாது என்ற மறுப்பு எனக்கும் தெரியும். வாய்மொழிக் கதைக்கான கட்டங்களை எழுத்துக் கதைக்குப் பொருத்தத் தயங்காதவர்கள் இதற்கு மட்டும் தயங்குவது ஏன் என்பதே என் கேள்வி. நேரில் கேட்டபோது, நேரம் போதவில்லை என்று பதில் வந்தது. நான்காவது அமர்வை நினைத்துக்கொண்டேன்.

பிரதியைப் பற்றியும் ஒரு சொல். இணையத்தில் கிடைத்ததை எடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். புதுமைப்பித்தன் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைத்த ‘மகாராஜர்கள்’ போன்ற சொற்கள் அதில் குறியில்லாமல் வெறுமனே நிற்கின்றன. ஒரு சொல்லிலிருந்து ஆசிரியர் தன்னை விலக்கிக்கொள்வதற்குக் குறியே சாட்சி என்று சொல்லித்தரும் வகுப்பில், அந்தக் குறியே இல்லாத பிரதியைக் கொடுப்பது முறையல்ல. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட செம்பதிப்பு, அதாவது மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பதிப்பு, இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும்.

வசதிகளைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. படிக்கட்டு செங்குத்தானது, மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம். இடைவேளையில் தேநீரும் கீழ்க்கடைச் சுண்டலும் கட்டணத்தில் அடக்கம். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர வேண்டியிருக்கிறது. ஜன்னலை மூடினால் புழுக்கம் தாங்காது.

முதுகலை மாணவர்கள் தேர்வுக்கான குறிப்புகளை எதிர்பார்த்துச் சேர வேண்டாம். அப்படி எதுவும் தருவதில்லை. கதை எழுதுபவர்களுக்கும் பள்ளித் தமிழாசிரியர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேர்வதற்கு முன் கதையைச் செம்பதிப்பில் படித்துவிட்டு, அந்தப் பக்கங்களின் நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நான்காவது அமர்வன்று வேறு வேலை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.